பைக் இன்ஜின் ‘அப்கிரேடு’ சொதப்பிடுச்சா? திருவண்ணாமலையிலேயே கேஸ் போடலாம்!

சென்னை ஷோரூமில் பிஸ்டன், சிலிண்டர் மாற்றி, “பவர் ஏத்தியாச்சு சார்” என்று பில்லை நீட்டுகிறார்கள். திருவண்ணாமலை வந்து சேர்வதற்குள் சைலன்சரில் நீலப்புகை. இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

“ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்” என்றால் தலையாட்டாதீங்க. ஜாப் கார்டு நகல், பாகங்களைப் பிரித்து எழுதிய பில், கழற்றிய பழைய பிஸ்டன் மூன்றையும் கேட்டு வாங்குங்க. வேறு மெக்கானிக் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே (இது ரொம்ப முக்கியம்) டீலருக்கு எழுத்தில் புகார் போகணும். பிரித்துவிட்டால், பழி அந்த மெக்கானிக் தலையில்தான் விழும்.

பதில் இல்லையா? நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கு. சிசியைக் கூட்டும் வேலை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. அது டீலருக்கு அல்ல, வண்டி ஓனருக்கு! டீலரின் வக்கீல் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.