பழைய பெட்டி, புதிய பெட்டி

வீட்டில் வைஃபை தடுமாறினால் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். ஆனால் குற்றவாளி எப்போதும் ரூட்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இரவு எட்டரை மணி. தில்லி மயூர் விஹாரில் எங்கள் டிடிஏ குடியிருப்பின் பின்னறையில், லேப்டாப் முன் அமர்ந்து என் மனைவி எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேருக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருக்கிறார். நொய்டாவில் இருவர், மும்பை மாதுங்காவில் ஒருவர், மற்றவர்கள் இதே பேட்டை. சமன்பாட்டின் பாதியில் அவர் முகம் வாய் திறந்தபடி உறைந்து போகிறது. மறுமுனையில் ஆறு குரல்களும் ஒன்றாக, "டீச்சர், கேட்கலை" என்கின்றன. இது வாரத்துக்கு மூன்று நாள் நடந்தது.

மார்ச்சில் ஆறு பேராக இருந்த வகுப்பு மே மாதம் நான்காகிவிட்டது. விலகிய ஒரு மாணவியின் தாயார் காரணத்தை மறைக்கவில்லை. "பாடம் நன்றாகத்தான் இருக்கிறது மேடம், நெட்தான் சரியில்லை." மாதம் மூவாயிரம் ரூபாய் போயிற்று. மீதி நான்கு பேரும் எத்தனை நாள் என்று தெரியாது. "ஏங்க, அந்தப் பெட்டியை மாத்தித் தொலைங்களேன்" என்றார் மனைவி.

அந்தப் பெட்டி, 2016ல் நான் வாங்கிய ரூட்டர். இரண்டு ஆண்டெனா, அட்டையில் 300 மெகாபிட் என்ற கொட்டை எழுத்து. வாங்கியபோது வீட்டுக்கு வந்த இணைப்பின் வேகம் 10 மெகாபிட். இப்போது ஃபைபர் வந்துவிட்டது. நாங்கள் பணம் கட்டுவது 200 மெகாபிட்டுக்கு. இணைப்பு இருபது மடங்கு வளர்ந்தபோதும் பெட்டி மட்டும் மாறாமல் டிவி அலமாரிக்குள் கிடந்தது.

தில்லிவாசிகளின் வழக்கப்படி நேரு பிளேஸுக்குப் போனேன். கடைக்காரர் என் பெட்டியின் வயதைக் கேட்டுச் சிரித்தார். "2016ஆ? அதை மியூசியத்துக்குக் கொடுங்கள் பாய் சாஹிப்" என்றவர், எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். விலை 14,000 ரூபாய். வைஃபை 7, அடுத்த பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று உத்தரவாதம் வேறு. நான் வெறுங்கையுடன் திரும்பினேன். கஞ்சத்தனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், வியாதி என்னவென்று தெரியாமல் மருந்து வாங்குகிறோமோ என்ற சந்தேகம்.

வியாதியைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு கேபிள், வேகத்தை அளக்கும் இலவச செயலி ஒன்று போதும். முதலில், ஃபைபர் வந்து சேரும் கம்பெனிப் பெட்டியில் நேராகக் கேபிளைச் செருகினேன்: 190க்கு மேல். ஆக, கம்பெனி ஏமாற்றவில்லை. (அதுவரை அவர்களை நான் திட்டியதற்கு இங்கே மன்னிப்பு.) அடுத்து அதே கேபிளை என் ரூட்டரில் செருகினேன்: 94. ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று கேபிள் இல்லாமல் வைஃபையில் அளந்தால் 45. பின்னறையில், மனைவி வகுப்பெடுக்கும் நாற்காலியில், 6. இரவு எட்டரைக்கு அங்கேயே அளந்தபோது சில சமயம் 1.

அதாவது, ஒரே பாதையில் மூன்று இடத்தில் ஓட்டை. மூன்றுக்கும் வெவ்வேறு காரணம்.

190 ஏன் 94 ஆனது என்பது சுலபம். விலை குறைந்த ரூட்டர்களின் பின்புறத்தில் உள்ள துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதவை. அட்டையில் 300 என்று இருக்கலாம், 1200 என்றுகூட இருக்கலாம். அது காற்றில் போகும் வேகத்தின் கணக்கு. உள்ளே வரும் குழாய் சிறியதானால் தொட்டி பெரிதாக இருந்து என்ன பயன்? இன்றும் இப்படிப்பட்ட பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குபவர் பார்க்க வேண்டிய சொல் 'கிகாபிட்'. அட்டையின் முன்பக்கம் அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

முன்பக்கத்து எண்களே ஒரு தனிக் கலை. 1200 என்று போட்டிருந்தால், ஒரு அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867. இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். எந்த ஒரு ஃபோனும் ஒரே நேரத்தில் இந்த 1200ஐக் காணப்போவதில்லை. ஒரு அலைவரிசையின் எண்ணில்கூடக் கையில் கிடைப்பது பாதியளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

என் பெட்டிக்கோ இரண்டாவது அலைவரிசையே கிடையாது. அது அறிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். நம் நாட்டில் இந்த அலைவரிசை 2005ல் உரிமம் தேவையின்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது புண்ணியமான காரியம்தான். ஆனால் பொதுக்குழாய் என்றால் வரிசை நிற்குமே! வைஃபை மட்டுமல்ல, புளூடூத்தும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். ஒன்றையொன்று மோதாமல் இருக்கத் தக்க சானல்கள் மூன்றே: 1, 6, 11. எங்கள் பின்னறையில் நின்று தேடியபோது அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் 23 வரிசையாக வந்தன. மும்பை சால்களிலும் பெங்களூர் அபார்ட்மென்ட்களிலும் எண்ணிக்கை இன்னும் அதிகமாகவே இருக்கும்.

வைஃபையின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் எட்டரை மணி மர்மம் விளங்கிவிடும். ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அவர்கள் அடுத்த வீட்டுக்காரர்களாக இருந்தாலும்கூட. மாலை நான்கு மணிக்கு யாரும் இல்லை. இரவு எட்டரைக்கு 23 வீட்டிலும் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடுகின்றன. ஒரு வீடியோ வகுப்புக்கு 2 முதல் 4 மெகாபிட் வேகமே தாராளம். எனவே மனைவிக்குத் தேவைப்பட்டது வேகமே அல்ல. காத்திருக்க வைக்காத பாதை. சினிமா பார்ப்பவருக்கு இந்தத் தடங்கல் தெரியாது, ஏனென்றால் செயலி முன்கூட்டியே படத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. நேரடி வகுப்பில் சேமிக்க என்ன இருக்கிறது?

இதன் பிறகு செலவில்லாத வேலைகளைச் செய்தேன். ரூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டினேன். டிவியின் பின்புறம், எவர்சில்வர் பாத்திரங்கள், பெரிய கண்ணாடி, இவையெல்லாம் அலைகளுக்கு ஆகாதவை. சானலைத் தானியங்கியிலிருந்து மாற்றி, கூட்டம் குறைந்த 11ல் நிறுத்தினேன். கம்பெனிக்காரர் வைத்த ஃபைபர் பெட்டியும் தன் பங்குக்கு ஒரு வைஃபையை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, அதுவும் என் சானலிலேயே! யாரும் பயன்படுத்தாத அதை நிறுத்தினேன். பின்னறையில் 6 என்பது 15 ஆயிற்று. எட்டரை மணிக்கு உறைவது வாரம் மூன்றிலிருந்து ஒன்றாயிற்று.

பலருடைய வீட்டில் கம்பெனி கொடுத்த இந்த ஒரே பெட்டிதான் ரூட்டர் வேலையும் பார்க்கிறது. அவர்கள் கடைக்குப் போகுமுன், பெட்டி பழையதானால் மாற்றித் தரும்படி கம்பெனியைக் கேட்பது நல்லது. கேட்காதவருக்குத் தானாக வந்து மாற்றுவதில்லை. அடாப்டரையும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். இருநூறு முந்நூறு ரூபாய் சமாசாரம். வயதான அடாப்டர் போதிய மின்சாரம் தராமல், ரூட்டர் அடிக்கடி அணைந்து எழுவது உண்டு. வோல்ட்டும் ஆம்பியரும் பழையதோடு பொருந்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மீதி இருந்த அந்த வாரம் ஒரு முறையும் போக வேண்டுமே. வகுப்பு எடுப்பவருக்கு வாரம் ஒரு முறை என்பதும் அதிகம். நடுவே இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். புது ரூட்டர்களின் பெருமையான 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சானல்களும் நிறைய. 2018 அக்டோபரில் அரசு இந்தப் பகுதியில் பெரிய துண்டொன்றை உரிமமின்றித் திறந்துவிட்டது. ஆனால் சுவரைக் கண்டால் அது சோர்ந்துவிடும். (அடுக்குமாடியில் இதுவே ஒரு வசதி. பக்கத்து வீட்டுக்காரருடைய 5 கிகாஹெர்ட்ஸும் நம் சுவரைத் தாண்டிச் சோர்ந்துதானே வரும்.) நேரு பிளேஸ்காரர் சொன்ன 14,000 ரூபாய்ப் பூச்சியை முன்னறையில் வைத்தாலும் பின்னறையின் கதை பெரிதாக மாறியிருக்காது.

மாற்றியது 18 மீட்டர் கேபிள். கடைத்தெரு எலக்ட்ரீஷியன் கூலியோடு 900 ரூபாய். கதவு நிலையின் ஓரமாக, சுவரடியோடு ஒட்டி, ரூட்டரிலிருந்து பின்னறை மேஜை வரை கொண்டு வந்தார். மனைவியின் லேப்டாப் இப்போது வைஃபையில் இல்லை. அன்றிலிருந்து வகுப்பு ஒரு நாளும் உறையவில்லை. அடுத்த மாதம் மாதுங்கா மாணவனின் சித்தி மகள் ஒருத்தி சேர்ந்தாள், ஐந்து பேர். கம்பியில்லா யுகத்தில் கம்பிதான் மானத்தைக் காப்பாற்றியது.

அப்படியானால் பழைய பெட்டியை வைத்துக்கொள்ளலாமா? அப்படித்தான் முடிவு செய்திருந்தேன், அதன் உள்மென்பொருளின் தேதியைப் பார்க்கும் வரை. கடைசியாகத் திருத்தப்பட்டது 2018ல். தயாரித்த நிறுவனம் அந்த மாடலைக் கைகழுவிவிட்டது. ரூட்டர் என்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வீட்டின் வாசற்கதவு போல இன்டர்நெட்டைப் பார்த்தபடி நிற்பது. அதில் காணப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்றால் நிலைமை என்ன? 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற நச்சு நிரல் குறைந்தது ஐந்து லட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. ரூட்டர்களை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ மக்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய அக்டோபரில், வைஃபையின் பூட்டான டபிள்யூபிஏ2விலேயே குறை இருப்பதை பெல்ஜிய ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் வெளிப்படுத்தினார். திருத்தம் வந்த பெட்டிகள் தப்பின. எங்கள் வீட்டில் வங்கிக் கணக்கும் மாணவர்கள் கட்டும் பணமும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன.

ஆக, வேகத்துக்காக அல்ல, கதவுக்காக வாங்கினேன். வைஃபை 6, கிகாபிட் துளைகள், டபிள்யூபிஏ3 பூட்டு, தானாகத் திருத்தம் போட்டுக்கொள்ளும் வசதி. 3,400 ரூபாய். வைஃபை 6ஐத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அந்த நெரிசலில் முறை வைத்துப் பகிரும் ஏற்பாடு 6ல்தான் வந்தது. வைஃபை 7க்கு 2024 ஜனவரியில் சான்றளிப்பு தொடங்கியது. அதன் முழு பலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. அமெரிக்கா 2020லேயே அதைத் திறந்தது. நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வந்தன. தவிர, ரூட்டர் மட்டும் 7 ஆக இருந்து பயனில்லை. ஃபோனும் 7 ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஆகப் புதிய ஃபோன் 2020ல் வாங்கியது.

புதுப்பெட்டி வந்த அன்று மாலை என் தாயார் அறையிலிருந்து குரல் வந்தது. "ஏன்டா, பழசைக் கழட்டிட்டே, என் டேப் என்ன பாவம் பண்ணித்து? கும்பகோணத்துல சித்தி காத்துண்டிருப்பா." அவருடைய பழைய டேப்லெட்டுக்கு டபிள்யூபிஏ3 என்றால் என்னவென்றே தெரியாது. பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்து ஏற்கும் அமைப்புக்கு ரூட்டரை மாற்றிய பிறகுதான் சித்தி திரையில் தோன்றினார்.

பழைய பெட்டிக்குக் கபாடிவாலா முப்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுப்பதற்கு முன், அதன் பின்புறத்துப் பொத்தானைக் குண்டூசியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். எங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இணைப்பின் கணக்குப் பெயரும் அதற்குள்தான் ஒன்பது வருடமாக இருந்தன. விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. பிறகு கபாடிவாலாவை அனுப்பிவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தைத் தேடி எடுத்துப் போனேன். அங்கே முப்பது ரூபாய் தரவில்லை.