ஓட்டுநரின் ஓய்வுக்கும் சட்டம் உண்டு

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டிருக்கும் டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: "விடியுறதுக்குள்ள கோயம்பேடு வந்துடணும்." வழியில் போலீஸ் மடக்கினால் லைசென்ஸ், பெர்மிட், எஃப்சி, எடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்பவர் அரிது.

சட்டம் இல்லாமல் இல்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. இப்போது அது 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. 8 மணி நேர வரம்பு போய்விடவில்லை. ஆனால் வேலை நேரத்தைக் கேட்க வேண்டியது தொழிலாளர் துறை, சாலையில் நிற்பதோ போலீசும் ஆர்டிஓவும். ஓரிரு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அரசு முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவில் இருக்கிறது. வேக வரம்பை மீறாமல் போய்ச் சேரவே முடியாத நேரத்துக்குள் வரச் சொல்லி உத்தரவிட்டால், அந்த உத்தரவே முதலாளிக்கு எதிரான முகாந்திரச் சாட்சியம். ஆகவே அப்படி வந்த செய்தியை அழிக்காதீர்கள். டிரிப் ஷீட், பாஸ்டேக் பதிவு, பேட்டா கணக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பழைய தண்டனைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை இருந்த சிறை, புதிய தண்டனைச் சட்டத்தில் 5 ஆண்டு வரை ஆகிவிட்டது. வழக்கு என்று வந்தால் இந்தக் காகிதங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

வேலையில் இருக்கும்போது டிரைவர் அடிபட்டாலோ இறந்தாலோ, இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளி. பொதுவாக வண்டியின் இன்சூரன்ஸே அந்தப் பொறுப்பை ஏற்கும். "அவரே தூங்கிப்போய் மோதினார்" என்று சொல்லி உயிரிழப்புக்கான இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. தொழிலாளர் துறையில் கோரலாம், அல்லது விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டிலும் சேர்த்து வாங்க முடியாது. தொழிலாளர் துறையில் கேட்க 2 ஆண்டு கெடு. முதலாளி ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், வீட்டில் யாரும் போடாதீர்கள். முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலைக் கேளுங்கள்.