பொறி பறக்காத மோட்டார்

மின்சாரம் சுழற்றும் உலகம் – 7

சூலக்கரை தொழிற்பேட்டைக்கு வரும் மோட்டார்களில் பருப்பு மில்லுடையது, கிணற்றுடையது, கிரைண்டருடையது என எல்லாம் உண்டு. முக்கால்வாசி இண்டக்‌ஷன் மோட்டார்தான். காயில் கட்டுபவர் மூடியைக் கழற்றியதுமே நோயைச் சொல்லிவிடுவார். காயில் முழுக்கக் கரிந்திருந்தால் ஓவர்லோடு. ஒரு கொத்து கரிந்து, பக்கத்துக் கொத்து புத்தம்புதிதாக மினுங்கினால், ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது.

மூன்று பேஸ் காயில்கள் சேர்ந்து காந்தப்புலத்தைச் சுழற்றுவதைப் போன வாரம் பார்த்தோம். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். உள்ளே சுழலும் ரோட்டரோ சுமார் 1,440 சுற்றுதான். இரண்டும் சமமாகிவிட்டால் ரோட்டரில் மின்னோட்டமே தூண்டப்படாது, இழுவையும் இருக்காது. பின்தங்குவதால்தான் அது ஓடுகிறது.

அந்த ரோட்டருக்குள் ஒரு வயர்கூடப் போவதில்லை. இரும்புத் தகடுகளின் பள்ளங்களில் அலுமினியக் கம்பிகள், இரு முனையிலும் வளையம். பார்க்கக் கூண்டு மாதிரி இருப்பதால் அணில் கூண்டு ரோட்டர் என்று பெயர். 1889-இல் இதற்கு இந்த வடிவம் கொடுத்தவர், ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் இருந்த டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி. கார்பன் பிரஷ் இல்லை; எனவே உரசிப் பறக்கும் பொறியும் இல்லை. என்னைக் கேட்டால், பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்துக்கு அதுதான் அதன் முதல் தகுதி.

ஸ்லிப் ரிங் மோட்டார் அப்படியல்ல. கனத்த சுமையோடு கிளம்பும் கிரஷர்களுக்கு ஏற்றது. ரோட்டரிலும் காயில் உண்டு. பிரஷ் வழியாக வெளியே ரெசிஸ்டன்ஸ் சேர்ப்பார்கள். பிரஷ் தேய்ந்தால் பொறி பறக்கும்.

சிங்கிள் பேஸில் வேறு சங்கடம். புலம் சுழலாமல் துடிப்பதோடு சரி. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். கிளப்பிவிடத் தனி காயிலும் கன்டென்சரும் வேண்டும். ஃபேனில் கன்டென்சர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும். சிறிய கம்ப்ரஸர் சிலவற்றில் வேகம் ஏறியதும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சுவிட்ச் விலகி, கிளப்பும் காயிலைத் துண்டிக்கும். அந்த ‘டக்’கில் ஒரு சின்னப் பொறி உண்டு. வீட்டில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் புழங்கும் இடத்தில் அது கொள்ளி.

அணில் கூண்டு என்பதற்காக அதைப் பட்டாசு மருந்து அறைக்குள் வைத்துவிடவும் கூடாது. டெர்மினல் லூசானால் பொறி வரும். பொடி படிந்தால் உடம்பு சூடேறும். மோட்டாரைச் சுவருக்கு வெளியே வைத்து, ஷாஃப்டை மட்டும் அடைப்போடு உள்ளே விடுவதே நல்லது.

ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரின் கதை வேறு. வாயு புகுந்து உள்ளே வெடித்தாலும் தடித்த உடல் அதைத் தாங்கும். இணைப்பின் குறுகிய இடுக்கு வழியே வரும் தீ ஆறிப்போகும். பொடிக்கு அது மட்டும் போதாது, தூசி புகாத அடைப்பும் வேண்டும். காயில் கட்டக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது போல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், இணைப்பு முகத்தை அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும், அது வெறும் மோட்டார்தான்; வேலைக்குப் பூட்டாதீர்கள்.