தீர்ப்புக்குக் காத்திராத சிகிச்சை

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு, வழக்கு நடக்கும்போதே மனநலச் சிகிச்சையும் நடந்தாக வேண்டும். உதாரணமாக, விருதுநகர் மாவட்டத்தின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் ராஜபாளையத்துப் பிள்ளையும் அங்கே போய்த்தான் சாட்சி சொல்ல வேண்டும். அந்த நாள் வர மாதக்கணக்கில் ஆகலாம்; அதுவரை மனக்காயத்தைக் கவனிக்காமல் விடுவது சரியல்ல.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குடும்பத்தின் சம்மதத்தோடு அக்குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். வழக்கின் நிலவரத்தைச் சொல்வது, ஆலோசகரிடம் கொண்டு சேர்ப்பது, இழப்பீட்டுக்கு வழிகாட்டுவது ஆகியவை அவருடைய வேலை.

சிகிச்சையின் முதல் படி பாதுகாப்பு. தவறு செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். அவர் குழந்தையின் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தால் எந்த ஆலோசனையும் பலிக்காது. கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை மனக்காயத்தின் பரவலான அறிகுறிகள். சில பிள்ளைகள் எப்போதும்போல் விளையாடிக்கொண்டும் இருக்கும். அதை வைத்து, சொன்னது பொய் என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தகைய குழந்தைகளுக்கான சிகிச்சைகளில் உலகெங்கும் அதிகம் ஆராயப்பட்டிருப்பது, அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர் ஆகியோர் உருவாக்கிய, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை–நடத்தை சிகிச்சை. பயம் வரும்போது உடலில் என்ன நடக்கிறது என்று முதலில் விளக்குவார்கள். பிறகு வயிறு உப்ப மூச்சிழுத்து மெதுவாக விடப் பழக்குவார்கள். கோபத்துக்கு ஒரு நிறம், வெட்கத்துக்கு ஒரு நிறம் என்று ஓர் உடல் படத்தில் தீட்டச் சொல்வதும் உண்டு. மனம் ஓரளவு நிதானப்பட்ட பிறகே நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவோ எழுதவோ வைப்பார்கள். ‘என் மேல்தான் தப்பு’ என்ற எண்ணத்தைத் திருத்துவது இந்தக் கட்டத்தில்தான்.

பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு. ‘அப்பவே ஏன் சொல்லல?’ என்று கேட்பது பிள்ளையின் வாயை அடைத்துவிடும். பேசாமல் விட்டால் மறந்துவிடும் என்று நினைப்பதும் தவறு.

சாட்சி சொல்லும் நாளுக்கும் குழந்தையைத் தயார்படுத்தலாம். நீதிமன்ற அறை எப்படி இருக்கும், கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வரும், குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படமாட்டார், நடுவே ஓய்வு கேட்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லலாம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது; அது வழக்கைக் கெடுத்துவிடும்.

தீர்ப்பு எப்படி வந்தாலும் சிகிச்சை அதோடு முடிந்துவிடாது. தூக்கமும் படிப்பும் விளையாட்டும் பழையபடி திரும்பிய பிறகுதான் அமர்வுகளைக் குறைப்பார்கள். உதவி தேவைப்படுவோர் 1098 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம்.