வயலில் தெளித்த மருந்தும் ஆற்று நீரும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென் எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ளது சத்தியவேடு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் ஆரணியாறு, இவ்வட்டாரத்தின் அருகே ஓடி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காடு ஏரியை நோக்கிச் செல்கிறது. எனவே, இங்குள்ள வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்து இவ்வூர் விவசாயியின் தனிப்பட்ட விஷயம் மட்டும் அன்று. கீழ்ப்பகுதியில் நீர் அருந்துவோரும் மீன்பிடிப்போரும் அதில் சம்பந்தப்பட்டவர்களே.

தெளிக்கும் மருந்து முழுவதும் பயிரில் தங்குவதில்லை. ஒரு பகுதி மண்ணில் விழுந்து, மழைநீருடனும் அரித்துச் செல்லப்படும் மண்ணுடனும் ஓடைகளை அடைகிறது. தெளிப்பான்களை வாய்க்காலில் கழுவுவதாலும் நஞ்சு நேரே நீரில் கலக்கிறது. சைபர்மெத்ரின் போன்ற மருந்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே, மீன்களுக்கு இரையாகும் சிற்றுயிர்களைக் கொல்ல வல்லது.

இந்த நஷ்டம் மருந்தின் விலையில் சேர்வதில்லை. வாங்குபவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் வேறொருவர். ஆகவேதான் அரசின் தலையீடு தேவைப்படுகிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தைத் தொடர்ந்து, டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடுத்தது. எனினும், ஒரு மருந்து விலக்கப்பட்டால் மற்றொன்று அதன் இடத்தைப் பிடிக்கிறது. தேவையையே குறைப்பது நிலையான வழியாகும்.

இதற்கு இந்தோனேசியாவின் அனுபவம் சான்றாகும். அளவுக்கு மீறித் தெளித்ததால் சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்கள் அழிந்து, நெல்லில் புகையான் பெருகியது. 1986-இல் அந்நாடு நெற்பயிருக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. மருந்துக்கான மானியத்தையும் 1989-க்குள் நிறுத்தியது. வயலிலேயே விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தது. அதனால் நெல் உற்பத்தி குன்றிவிடவில்லை.

நம் நாட்டிலும் ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் 1985 முதல் அரசின் கொள்கையாக உள்ளது. பூச்சிகளின் எண்ணிக்கையைக் கணித்த பின்னரே தெளித்தல், விளக்குப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவை அதன் அங்கங்கள். ஓடைக்கரையில் புல் வளர்ந்த ஒரு பட்டையை விட்டுவைப்பதும், வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது தெளிப்பைத் தள்ளிப்போடுவதும் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை. நீரில் கலந்துவிட்ட நஞ்சைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு. வரப்பிலேயே தடுப்பது சிறுசெலவு. விரிவாக்க அலுவலர்கள் விவசாயியிடம் கொண்டுசெல்ல வேண்டிய கணக்கு இதுவே.