அந்தச் சின்ன விளக்கு ஏன் அணையவில்லை?

இந்த இதழில் நாங்கள் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் இது உதவும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத லேப்டாப்கள் கிரெய்கிபர்னில் நம்மவர் வீடுகளிலும் அலமாரிக்குள் போயின. நாங்கள் அவற்றைச் சேகரித்து, லினக்ஸ் மின்ட் போட்டு, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதில் ஒன்று முதியோர் பராமரிப்புப் படிக்கும் ஒரு அக்காவுக்குப் போனது. பகலில் வேலை, இரவில் படிப்பு. இரண்டு வாரம் கழித்து, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் லேப்டாப்போடு வந்தார். "தம்பி, ஒரு எழுத்து அடிச்சா அரை நிமிஷத்துக்குப் பிறகுதான் வருது. மவுஸும் அசையேல்ல. நேற்று அசைன்மென்ட் அனுப்பேலாமல் போச்சு."

நாங்கள் செய்தது என்ன? அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். ஓடியது. "சரியாயிட்டுது அக்கா" என்று கையில் கொடுத்துவிட்டோம். அடுத்த வாரமும் வந்தார். மறுபடியும் போட்டோம், மறுபடியும் ஓடியது. அப்போது எங்களில் ஒருவன், "பழைய மெஷின்தானே அக்கா, புதுசு வாங்கிறது நல்லம்" என்று சொல்லிவிட்டான். அவர் கோபப்படவில்லை. "பாப்பம் தம்பி, இன்னும் ரெண்டு நைட் ஷிஃப்ட் கூடச் செய்தா வாங்கலாம்" என்றார். அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

சனிக்கிழமை லேப்டாப்பைக் கேட்டு வாங்கி மண்டபத்து மேசையில் வைத்தோம். முதல் வேலையாக அவருடைய பாடக் கோப்புகளை யூஎஸ்பியில் நகலெடுத்தோம். மெதுவாக ஓடும் ஹார்ட் டிஸ்க் சாகப் போகும் டிஸ்க்காகவும் இருக்கலாம். அதை நோண்டுவதற்கு முன் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியிலேயே டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை கிடைக்கும். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள் பூஜ்யம், மாற்றக் காத்திருப்பவை பூஜ்யம். டிஸ்க் நன்றாகவே இருந்தது.

ஆனால் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் அந்தச் சின்ன விளக்கு விட்டு விட்டு மினுங்காமல் நின்று எரிந்தது. இரண்டு தடவையும் அது எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் எரிந்திருக்கும். பார்க்கவில்லை.

டெர்மினலில் 'டாப்' கட்டளையைப் போட்டோம். மேலே பிராசஸர் வரியில் 'டபிள்யூஏ' என்று ஒரு எண் இருக்கும். பிராசஸர் தன் வேலையை நிறுத்தி, டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தின் விழுக்காடு அது. எங்களுக்கு 80-ஐத் தாண்டி நின்றது. பிராசஸர் பழசு என்று நாங்கள் குறை சொன்னோமே, அது பாவம் சும்மா இருந்தது.

இதை மண்டபச் சமையலறையை வைத்துச் சொல்லலாம். மேசை சின்னது. வெட்டி வைத்த காய்கறியும் இறைச்சியும் மேசையை நிறைத்துவிட்டால், சிலவற்றை கராஜ் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைப்போம். ஒன்றிரண்டு தடவை என்றால் பரவாயில்லை. வெங்காயத்துக்கு ஒரு ஓட்டம், அதற்கு இடம் செய்ய இறைச்சியை வைக்க ஒரு ஓட்டம் என்று ஆகிவிட்டால், சமைப்பவர் அடுப்புக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மேசைதான் ரேம். ஃப்ரிட்ஜ், டிஸ்க்கில் 'ஸ்வாப்' என்று ஒதுக்கிய இடம். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பவற்றை ஒரு நொடியில் நூறு தடவைகூடப் போய் எடுக்க முடியாது.

'ஃப்ரீ' கட்டளை மேசையின் அளவைச் சொன்னது: 4 ஜிபி, ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தது. ஸ்வாப்பில் எதுவோ கிடக்கிறது என்பது மட்டும் குற்றமல்ல; அது அங்கேயே கிடந்தால் தொல்லையில்லை. ஓட்டம்தான் தொல்லை. 'விஎம்ஸ்டாட்' என்று போட்டு நொடிக்கொரு முறை பார்த்தால் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு நிரல்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காட்டும். இரண்டும் ஓயாமல் ஓடின.

யார் ஓடவைக்கிறார்கள்? அதற்கு 'ஐஓடாப்'. எந்த நிரல் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று பெயரோடு காட்டும். பிரவுசர் இருந்தது, பாடத்தளம், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் திறந்திருந்ததால் அது எதிர்பார்த்ததுதான். அதற்கும் மேலே ஆர்சின்க் என்று ஒன்று நின்றது. அதை ஓட்டியது டைம்ஷிஃப்ட்.

டைம்ஷிஃப்ட்டை அமைத்தது நாங்களே. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாதம், வாரம், நாள், மணி, ஒவ்வொரு தொடக்கம் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, அதே டிஸ்க்கில் நகலெடுக்கச் சொல்லியிருந்தோம். தொடக்கத்துக்கான நகல், கணினியைப் போட்டு பத்து நிமிடம் கழித்துத்தான் எடுக்கப்படும். அந்தத் திரையிலேயே அப்படி எழுதியிருக்கிறது. நாங்கள் அணைத்துப் போட்டபோது நன்றாக ஓடியதும், அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் இறுகிப்போனதும் இதனால்தான். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: டைம்ஷிஃப்ட் வழக்கமாக சிஸ்டம் கோப்புகளை மட்டுமே காக்கும், நம்முடைய சொந்தக் கோப்புகளை எடுக்காது. அவருடைய அசைன்மென்ட்டை அனுப்பவிடாமல் ஓடிய அந்த நகல், அந்த அசைன்மென்ட்டைக் காக்கவும் இல்லை.

இந்தத் தொல்லை புதிதல்ல. நம் மெல்பனிலேயே கான் கொலிவாஸ் என்ற மயக்க மருந்து மருத்துவர் இருக்கிறார். தொழில்முறை நிரலாளர் அல்லர். 2000-களின் தொடக்கத்தில், வீட்டு மேசைக் கணினியில் லினக்ஸ் தடங்கலின்றி ஓட வேண்டும் என்று தானே கெர்னலைக் கற்று மாற்றங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று, கணினி சும்மா இருக்கும் நேரத்தில் ஸ்வாப்பில் கிடப்பவற்றை ரேமுக்குத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது. இரவில் ஏதோ ஒரு நிரல் டிஸ்க் முழுவதையும் வாசித்து முடித்திருக்க, காலையில் பிரவுசர் திறக்க மறுக்கும் தொல்லைக்கான மருந்து. அது முதன்மைக் கெர்னலில் சேர்க்கப்படவே இல்லை. 2007 ஜூலையில் அவர் கெர்னல் வேலையிலிருந்து விலகினார். பெரிய சர்வர்களுக்குக் கிடைக்கும் கவனம் சாதாரண ஆளின் மேசைக் கணினிக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் குறை. 2009-இல் வேறொரு திட்டத்தோடு திரும்பி வந்தார். அவரைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் "மெதுவாக இருக்கிறது" என்றால், மெதுவாகத்தான் இருக்கிறது.

சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டைம்ஷிஃப்ட்டில் வாரம் ஒரு நகல் போதும் என்று மாற்றினோம். உடைந்துபோன இன்னொரு லேப்டாப்பிலிருந்து 4 ஜிபி ரேமைக் கழற்றி இதில் போட்டோம். இரண்டும் ஒரே வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. 'ஸ்வாப்பினஸ்' எண்ணை 60-லிருந்து 10-க்குக் குறைத்தால் போதும் என்று ஒரு தம்பி வாதாடினான். குறைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதனால் மேசை பெரிதாகாது. கையில் காசு இருந்தால் எஸ்எஸ்டி வாங்குவதே மேல். பாடக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி கொடுத்து, எப்படி நகலெடுப்பது என்று பக்கத்தில் இருந்து காட்டினோம்.

விளக்கு இப்போது அவ்வப்போது மட்டும் மினுங்குகிறது. அக்கா அசைன்மென்ட்டைப் பிந்தி அனுப்ப அனுமதி கேட்டு எழுதினார், கிடைத்தது. புது லேப்டாப்புக்காகச் செய்யவிருந்த இரண்டு நைட் ஷிஃப்ட்டையும் அவர் எடுக்கவில்லை.

நாங்கள் கொடுத்த மற்ற லேப்டாப்களிலும் இதே டிக்குகளைப் போட்டிருக்கிறோம். வைத்திருப்பவர்கள் அடுத்த சனிக்கிழமை மாலை மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம்.