பழைய பாட்டுக்குப் புது ரெக்கார்டிங்: தலைக்கு ரூ.500 போடலாமா? புதுவை ரசிகர்கள் காரசார விவாதம்

புதுச்சேரி:

பழைய சினிமா பாட்டுகளை நிஜ வாத்தியங்களை வைத்து மறுபடியும் ரெக்கார்டிங் செய்ய, ரசிகர்களே பணம் போட்டால் என்ன?

புதுவையில் பாட்டுப் பைத்தியங்கள் கூடுகிற இடங்களில் இதுதான் பேச்சு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இசைத்தட்டு புரட்டுகிறவர்களைக் கேளுங்கள், கடற்கரையில் காற்று வாங்க வருகிறவர்களைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். தலைக்கு 500 ரூபாய். ஆயிரம் பேர் சேர்ந்தால் 5 லட்சம். "நாலு பாட்டாவது தேறாதா?" என்பது ஒரு கோஷ்டி.

"இருக்கிற பாட்டைக் கேட்டா போதாதா?" என்பது எதிர்க்கோஷ்டி.

போதாது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து இசைக்க, எல்லாம் ஒரே ஒலித்தடத்தில் பதிவானது. வயலினைத் தனியாக, புல்லாங்குழலைத் தனியாகப் பிரித்து எடுக்க அப்போதே வழி வைக்கவில்லை. தட்டு தேய்ந்தால் எல்லாம் சேர்ந்து தேயும். பின்னணி இசையோ பல படங்களில் தட்டாகவே வரவில்லை.

2 ரூபாயில் ஒரு சினிமா

பொதுமக்கள் பணத்தில் கலை என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1976-ல் வந்த ஷியாம் பெனகலின் "மந்தன்" படத்துக்கு, குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பட்ஜெட் 10 லட்சம் ரூபாய் வந்து சேர்ந்தது!

இசையில் என்றால் ரசிகர்கள் சட்டென்று சொல்வது இளையராஜாவின் "திருவாசகம்". 2005-ல் வெளிவந்தது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு வாசித்தது. தயாரித்தது கேசட் கம்பெனி அல்ல, தமிழ் மையம் என்ற அமைப்பு. சினிமா இசை இல்லைதான். ஆனாலும் கம்பெனி முதலாளி இல்லாமல் பெரிய ரெக்கார்டிங் நடக்கும் என்று காட்டியது அதுதான். அமெரிக்காவிலும் இன்ட்ராடா என்ற கம்பெனி, ஹிட்ச்காக்கின் 1954-ம் ஆண்டுப் படமான "டயல் எம் ஃபார் மர்டர்" இசையை ரசிகர்களிடம் பணம் திரட்டித்தான் மறுபடி பதிவு செய்தது.

காசு யார் கையில்?

விவாதம் சூடு பிடிப்பது இங்கேதான். "காசை யாரு வச்சிக்கிறது?"

சீட்டுப் பணத்தோடு ஆள் கம்பி நீட்டிய கதை தெரியாத தெரு உண்டா? ரெக்கார்டிங் நடக்காவிட்டால் பணம் திரும்பி வருமா, ரசீது உண்டா, வங்கிக் கணக்கில் எத்தனை பேர் கையெழுத்து என்று கேட்பதில் தப்பே இல்லை. ஏமாற்றினால் போலீசுக்குப் போகலாம். ஊர் அறிந்த 420 பிரிவுதான் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. ஆனால் வழக்கு போட்டால் பாட்டு வருமா?

அட்டையில் படம் கூடாது!

சட்டமும் லேசுப்பட்டதல்ல. 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, முதல் ரெக்கார்டு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்தால்தான் வேறொருவர் அதே பாட்டைப் பதிவு செய்யலாம். முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும். பாட்டு ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 ஆயிரம் பிரதிகளுக்கு ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அட்டையில் பழைய பாடகர் பெயர் கூடாது, படம் கூடாது, சினிமா பெயரும் கூடாது. ஆயிரம் ரசிகர்களுக்கு 50 ஆயிரம் பிரதியா என்று தலையில் கை வைக்கிறார்கள்.

2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. "எஸ்.பி.பி.க்கே அந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்?" என்கிறார்கள்.

அதனால் புதுவைக்காரர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். "கப்பலோட்டிய தமிழன்", 1961. பாட்டுகள் பாரதியுடையவை; அவை 1949-லேயே நாட்டுடைமை. இசை ஜி.ராமநாதன், அவர் மறைந்தது 1963-ல். ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்குப்படி 2023-ஓடு அந்த உரிமைக் காலமும் முடிந்தது. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்தவர். "அவர் பாட்டுக்கு நம்ம ஊர்ல காசு போடாம வேற எங்க போடுறது?" என்று இவர்கள் கேட்கும்போது எதிர்க்கோஷ்டியும் கொஞ்சம் இறங்கி வருகிறது.

வாசிக்க ஆள் வேண்டுமே! ஒரு கீபோர்டு வந்து பத்துப் பேர் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. மெல்லிசைக் குழுக்களில் வயலினும் கிளாரினெட்டும் வாசித்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பழைய ஸ்வரக் காகிதம் கிடைக்காவிட்டால், பாட்டைக் காதால் கேட்டுக் கேட்டு எழுதக் கூடியவர்களும் இவர்கள்தான். ஐந்து வருஷம் தள்ளிப்போட்டால் பணம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சண்டை பாக்கி. அந்தப் படத்தில் பி.சுசீலாவோடு பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய டூயட் ஒன்று உண்டு. ஸ்ரீநிவாஸ் 2013-ல் மறைந்துவிட்டார். அவர் இடத்தில் யாரை நிறுத்துவது? ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், ராத்திரி பத்து மணி வரை சொல்கிறார்கள்.

500 ரூபாயை மட்டும் இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை.